தோட்டாக்களை வீட்டில் வைக்க எந்தப் பெட்டி நல்லது?

அமெரிக்காவில் வசிக்கும் நீங்கள், தோட்டாக்களை பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பதா இரும்புப் பெட்டியிலா என்று கேட்டிருக்கிறீர்கள். ராணுவம் கழித்துவிடும் எம்2ஏ1 இரும்புப் பெட்டியைத்தான் நான் சொல்வேன். வாங்கும்போது மூடியைத் திறந்து, உள்பக்கம் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டோ காய்ந்து இறுகியோ இருந்தால் வேண்டாம், ஏனென்றால் அதன் வழியே ஈரம் உள்ளே போகும், தோட்டாவின் பித்தளை உறையில் களிம்பு ஏற்றுவது ஈரம்தான். கடையில் தந்த அட்டைப் பெட்டியோடே உள்ளே வைத்து, கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். அட்டையில் தோட்டாவின் அளவு அச்சிட்டிருக்கும், ஒன்றோடொன்று கலந்து போகாது. வெயிலில் கொதிக்கும் பரண், கார் டிக்கி எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பூட்டு. இதுதான் முக்கியம். அந்தப் பெட்டியின் கொக்கியைக் குழந்தைகூடத் திறந்துவிடும், அதனால் துப்பாக்கி இல்லாத வேறொரு அலமாரியில், கனம் தாங்கும் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.