ஆர்டி 350 டைமிங்: அந்த 2 மில்லிமீட்டர்

கேள்வி: ராஜ்தூத் 350 வைத்திருக்கிறேன். பாயின்ட் மாற்றியதிலிருந்து இரண்டு சைலன்சரும் இரண்டு விதமாகச் சத்தம் போடுகின்றன. மெக்கானிக் காதால் கேட்டே டைமிங் வைத்தார். முறையாக வைப்பது எப்படி?
– வாசகர், ஈரோடு

பதில்: பிஸ்டன் உச்சிக்கு வர எவ்வளவு முன்பு ஸ்பார்க் அடிக்கிறது என்பதுதான் டைமிங். அந்தக் கணத்தை முடிவு செய்யும் சுவிட்ச்தான் பாயின்ட். ஒற்றை சிலிண்டர் வண்டியில் காதை நம்பி ஓரளவு ஒப்பேற்றலாம். உங்கள் ராஜ்தூத், யமஹா ஆர்டி 350-இன் இந்திய வடிவம். ஆர்டியில் இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒரு பாயின்ட். ஒன்று பிந்தினாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு போய்விடும். பிழை காதில் விழாது. டயல் கேஜ் (பிஸ்டன் நகர்வை மில்லிமீட்டரில் காட்டும் முள் கருவி) இல்லாமல் தொடாதீர்கள்.

முதலில் பாயின்ட் இடைவெளி. கேம் பாயின்டை முழுதாகத் தூக்கி நிற்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு 0.35 மி.மீ. வையுங்கள், 0.3 முதல் 0.4 வரை பரவாயில்லை. டைமிங் வைத்த பிறகு இதில் கைவைத்தால் செய்த வேலை எல்லாம் வீண். இடைவெளி கூடினால் பாயின்ட் முந்தித் திறக்கும், குறைந்தால் பிந்தும். புது பாயின்டில் கேம் மேல் உரசும் ஃபைபர் முனை ஆரம்பத்தில் சற்று வேகமாகவே தேயும். தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் பிந்தும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். கேமைத் தடவும் ஃபெல்ட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். அதிகமானால் பாயின்ட் முகத்தில் தெறித்துக் கருகும்.

இரண்டு பிளக்கையும் கழற்றி, ஒரு ஓட்டையில் டயல் கேஜைப் பொருத்துங்கள். கிராங்க்கை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் முள் ஏறி, நின்று, திரும்பும். அந்தத் திரும்பும் இடம்தான் டாப் டெட் சென்டர், அதாவது பிஸ்டனின் உச்சி. அங்கே பூஜ்யம் வையுங்கள். 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை அந்த சிலிண்டரின் பாயின்ட் வயரிலும் மற்றதை எர்த்திலும் கொடுத்து சாவியைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருந்தால் பல்பு அணைந்திருக்கும், திறக்கும் கணத்தில் எரியும். பாயின்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டபடி டீ குடிக்கப் போய்விடாதீர்கள், காயில் சூடாகிவிடும்.

இனி கிராங்க்கைப் பின்னால் 4 மி.மீ. வரை இறக்கி, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாக ஏற்றுங்கள். பின்னோக்கித் திருப்பி அளவு எடுத்தால் பேரிங் ஆட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். யமஹா கொடுத்த அளவு உச்சிக்கு 2.0 மி.மீ. முன்பு, அங்கே பல்பு எரிய வேண்டும். பேஸ் பிளேட்டிலேயே நேராக உட்கார்ந்திருக்கும் பாயின்டை முதலில், பிளேட்டைத் திருப்பி வையுங்கள். மற்றதை அதன் சின்ன பிளேட்டை மட்டும் நகர்த்தி வையுங்கள். வரிசை மாறினால் இரண்டாவதை வைக்கும்போது முதலாவது கலைந்துவிடும். ஸ்குரூ இறுக்கும்போதும் பிளேட் லேசாக நழுவும், இறுக்கிய பிறகு மறுபடி ஒரு சுற்று பாருங்கள்.

ஆர்டியின் 54 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 2.0 மி.மீ. என்பது ஏறத்தாழ 20 டிகிரி. அந்த இடத்தில் 0.2 மி.மீ. மாறினால் சுமார் 1 டிகிரி மாறும். கம்ப்ரஷன் கூட்ட ஹெட் சீவிய வண்டி என்றால் 1.8-இல் தொடங்குங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ் 100. சிடிஐ (பாயின்டுக்குப் பதிலான எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி), காயில், பிளக் எல்லாம் புதிது. ஆனாலும் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மேக்னட்டை (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) கழற்றி உள்ளே இருக்கும் அரைவட்ட கீயைப் பாருங்கள். ஓரம் நசுங்கியோ பாதி வெட்டுப்பட்டோ இருக்கலாம். அப்படியானால் மேக்னட் கிராங்க்கில் இருந்து சில டிகிரி நழுவி, ஸ்பார்க் முந்திவிட்டது. கீ, இடத்தைக் காட்டத்தான். மேக்னட்டைப் பிடித்து நிறுத்துவது கூம்பு வடிவ டேப்பர்தான். புது கீ மட்டும் போட்டால் அதுவும் வெட்டுப்படும். டேப்பர் இரண்டு பக்கமும் பெட்ரோலில் துடைத்து, எண்ணெய்ப் பசையில்லாமல் காயவிட்டு, மேக்னட் ஹோல்டர் போட்டு நட்டை இறுக்குங்கள். கழற்றும்போது புல்லர் கட்டாயம். சுத்தியலால் தட்டினால் உள்ளிருக்கும் காந்தத் துண்டு விரிசல் விடும்.

கேள்வி: போர்ட் வேலை செய்து எக்ஸ்பான்ஷன் சேம்பர் (புகையின் அழுத்த அலையை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் சைலன்சர்) போட்ட வண்டி. டைமிங்கை இன்னும் முன்னால் தள்ளினால் டாப் ஸ்பீடு கூடுமா?
– வாசகர், கோவை

பதில்: பெரும்பாலும் குறையும். அட்வான்ஸ் கூட்டினால், அதாவது டைமிங்கை முன்னால் தள்ளினால், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாகத் தெரியும். அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எரிப்பு முந்தி முடிவதால் வெப்பம் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் போகிறது, சேம்பருக்குப் போகும் புகை சூடு குறைகிறது. புகை குளிர்ந்தால் சேம்பருக்குள் அழுத்த அலையின் வேகமும் குறையும். உயர் ஆர்பிஎம்மில் அலை நேரத்துக்குத் திரும்பி வராமல் இன்ஜின் படுத்துவிடும். ரேஸ் சிடிஐகள் மேலே போகப் போக டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது இதனால்தான்.

முழு த்ராட்டிலில் இழுத்து, கிளட்ச் பிடித்து அப்படியே அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கானில் மினுமினுப்பான பொடிப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டன் அலுமினியம். நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஜெட்டிங் மெலிவாக (கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைவாக) இல்லை என்பது உறுதியானால் 1 டிகிரி பின்னுக்கு வாருங்கள். ஹெட்டையும் ஒருமுறை கழற்றுங்கள்: பிஸ்டன் டாப்பின் ஓரம் மணல் அடித்தது போல் சொரசொரப்பாக இருந்தால் பிஸ்டனை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.