கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் சிகிச்சையும்

வணக்கம். நான் திருநங்கை, வயது 23, மதுரையில் வேலை. தோழி சொன்னபடி ஒரு மாதமாகக் கருத்தடை மாத்திரை தினம் நான்கு போடுகிறேன். முலைக்காம்பைத் தொட்டால் வலிக்கிறது, வளர்ச்சிதானே? டாக்டரிடம் போனால் மனநோய் என்று எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. போகத்தான் வேண்டுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகத்தான் வேண்டும். அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள்.

மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஏழு இருந்தால் அவை வெறும் இரும்புச்சத்து. மற்ற 21-இல் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன், ஒரு மாத்திரையில் பெரும்பாலும் 30 மைக்ரோகிராம். நான்கு போட்டால் 120. கல்லீரலில் இது எளிதில் சிதையாது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டிவிடும். சிகரெட் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடலின் பெண் ஹார்மோனை அளக்கும் வழக்கமான எஸ்ட்ரடையால் பரிசோதனையில் இந்த மருந்து தெரியவும் தெரியாது. அளவு கூடியதா, குறைந்ததா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாமல் போகும்.

நீங்கள் சொல்லும் வலி வளர்ச்சியின் தொடக்கமாக இருக்கலாம். ஆனால் முழு வளர்ச்சிக்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். மாத்திரையைக் கூட்டினால் அது விரைவுபடாது. குரலும் மாறாது, அதற்குக் குரல் பயிற்சிதான்.

மதுரை அரசு ராசாசி மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே சிறப்புப் பிரிவு உண்டு. மனநல மருத்துவர் பார்ப்பது நீங்கள் பெண்தானா என்று சோதிக்க அல்ல. சிகிச்சையின் விளைவுகளைப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறீர்களா என்று பார்ப்பார், மன அழுத்தம் இருந்தால் கவனிப்பார். 'உன்னைப் பழையபடி ஆணாக மாற்றிவிடலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது.

ஹார்மோன் டாக்டர் கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஆகியவற்றைப் பார்ப்பார். ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எழுதினால் பொட்டாசியம் ஏறக்கூடும். இளநீர் தினமும் குடிப்பவரென்றால் சொல்லிவிடுங்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு.

பிற்காலத்தில் சொந்தக் குழந்தை வேண்டுமென்ற எண்ணம் துளி இருந்தாலும், விந்து சேமிப்பு பற்றி முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். சிகிச்சை தொடங்கியபின் விந்தணு குறையும், நிறுத்தினாலும் திரும்பும் என்று உறுதி கிடையாது. ஒரு மாதம் மாத்திரை போட்டதை மறைக்க வேண்டாம், அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.