கிளை சர்ஜரியை மூடினால் அம்மாவின் பதிவு போய்விடுமா?

போகாது. சர்ஜரி என்பது இங்கே ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், பார்க்கும் கிளினிக். அங்கிருந்து உங்களுக்கு வந்த கடிதத்தில் கிளையை மட்டும்தான் மூடுவதாகச் சொல்கிறார்கள் என்றால் அம்மாவின் பெயர் அதே ஜிபி பட்டியலில்தான் இருக்கும், டாக்டரைப் பார்க்கப் போகும் கட்டடம்தான் மாறும். மொத்த சர்ஜரியையும் மூடினால்தான் வேறு இடத்தில் பதிய வேண்டி வரும்.

"கருத்துச் சொல்லுங்கள் என்று கடிதம், ரிசப்ஷனில் கேட்டால் எல்லாம் முடிவாகிவிட்டது என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூடலாம் என்று சர்ஜரி தன் பங்குக்கு முடிவெடுத்திருக்கும், அதைத்தான் ரிசப்ஷனில் இருந்தவர் சொல்லியிருப்பார். ஆனால் இங்கிலாந்தில் அனுமதி தர வேண்டியது உங்கள் வட்டாரத்து ஐசிபி (Integrated Care Board), அதாவது வட்டாரத்து என்எச்எஸ் சேவைகளுக்குப் பொறுப்பான, 2022 ஜூலையில் வந்த அமைப்பு.

கடிதத்தை இன்னொரு முறை பாருங்கள்:

1. கடைசித் தேதி. இத்தனை வாரம் தர வேண்டும் என்று சட்டத்தில் கிடையாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

2. முடிவெடுப்பது யார், எப்போது. அது கடிதத்தில் இல்லையென்றால் ஐசிபிக்கே மின்னஞ்சல் போடுங்கள். மூட அனுமதி கேட்டு சர்ஜரியின் விண்ணப்பம் வந்ததா, மூடாமல் சமாளிக்க வேறு வழி பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அப்புறம், இந்தக் கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு இல்லை. எல்லோரும் வேண்டாம் என்றாலும் மூடலாம். "மூடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதுவதைவிட, அம்மா வாக்கரோடு இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது நிறுத்தத்தில் உட்கார பெஞ்சுகூட இல்லை என்று எழுதுங்கள். கருத்துப் படிவம் தமிழில் வேண்டுமென்றும் கேட்டுப் பாருங்கள், கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.