பயம் எங்கே போனது?

கேள்வி: மர்மப் படங்கள் முன்புபோல் பயமுறுத்துவதில்லையே, ஏன்? (வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: நானும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைதான். திடலில் வெள்ளைத்துணி கட்டிப் போட்ட 'அதே கண்கள்' (1967) முடிந்து, பால்மரங்களுக்கு நடுவே லயத்து வீட்டுக்கு (தொழிலாளர் வரிசை வீடு) நடந்தபோது அக்காவின் கையை விடவே இல்லை. பாதிப் பயம் அந்த இருட்டு தந்தது.

அப்போது கொலைகாரன் யார் என்பதே கேள்வி. 1954-இலேயே 'அந்த நாள்' ஒரு பாட்டுகூட இல்லாமல் அதைக் கேட்டது. அந்தத் துணிச்சல் இன்றும் பலருக்கு இல்லை. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) கொலைகாரனையே கதாநாயகனாக்கி, ஏன் இப்படி ஆனான் என்றது. 'ராட்சசன்' (2018) யார், ஏன் இரண்டையும் கேட்கிறது.

சரி, அதைப் பட்டப்பகலில், கைப்பேசியில், நடுநடுவே வாட்ஸ்அப்பும் பார்த்தால்? இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஐயா.