மருந்துக்கடைக்கு வரும் பார்சல்

கேள்வி: நான் பாலக்கோடு பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 62. சிறுவயது முதல் தபால்தலை சேகரிக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, அச்சுப்பிழை உள்ள அரிய தபால்தலைகளை ஏலத்தில் எடுத்து வருகிறேன். மூன்று ஆண்டுகளில் சுமார் 4 லட்சம் ரூபாய் செலவாகியிருக்கிறது. பார்சல்கள் தருமபுரியில் உள்ள நண்பரின் மருந்துக்கடை முகவரிக்கு வந்துவிடும். அடுத்த மாத ஏலத்துக்கு, ஓரத்துளைகள் இல்லாமல் வெளிவந்த ஒரு தபால்தலை வருகிறது. அதற்காக 2 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுக்க நினைக்கிறேன். எங்கள் தக்காளித் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் என் மனைவி, “காகிதத்துக்கா இவ்வளவு?” என்கிறார். இது முதலீடு என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: ஐயா, நீங்கள் எழுதிய நான்கு பக்கங்களில் மூன்றரைப் பக்கம் தபால்தலைகளைப் பற்றியது, மருந்துக்கடைக்கு ஒரே ஒரு வரிதான். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வருவதில்லையா? வருகிறார். பார்சலைக் கையெழுத்திட்டு வாங்க வீட்டில் ஆள் இல்லையா? இருக்கிறார்; அவர் வாங்கிவிடுவார் என்பதுதான் உங்கள் பயம். மனைவிக்குப் புரியவில்லை என்று குறை சொல்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாக ஒரு ரசீதைக்கூட அவர் கண்ணில் காட்டாமல் இருந்துவிட்டு, எதைப் புரிந்துகொள்ளவில்லை என்கிறீர்கள்? நண்பருக்கும் அவர் கடைப் பையனுக்கும் தெரிந்த கணக்கு, உங்களோடு வாழ்ந்து வருபவருக்குத் தெரியாமல் இருப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை. உங்கள் ஓய்வுப் பணத்தில் அவருக்குச் சரிபாதி உரிமை உண்டு என்பதே என் உறுதியான கருத்து. கிலோ சில ரூபாய்க்குக்கூட விலைபோகாத தக்காளியைப் பறிப்பதா, செடியிலேயே விட்டுவிடுவதா என்று கணக்குப் போட்டுக் குடும்பத்தை நடத்தும் ஒரு பெண்ணுக்கு, முதலீடு என்றால் என்னவென்று நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை.

முதலீடு என்றே வைத்துக்கொள்வோம். ஏலத்தில் முடிவான விலைக்கு மேல் வாங்குபவரிடம் ஒரு கமிஷனும் வரியும் வாங்குகிறார்கள். நாளை நீங்கள் விற்கப் போனால் விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். இந்த இரண்டையும் ஈடுகட்டும் அளவுக்கு விலை ஏறிய பிறகுதான் உங்கள் அசலே கைக்கு வரும். இதை மனைவியிடம் சொன்னீர்களா?

அடுத்த மாதம் வருவதாகச் சொல்லும் தபால்தலை ஒற்றையா, இணையா என்று நீங்கள் எழுதவே இல்லை. ஓரம் அகலமாக உள்ள சாதாரணத் தபால்தலையின் துளைகளை வெட்டி எடுத்துவிட்டு, துளையிடாமல் வந்தது என்று விற்பவர்கள் உண்டு. அதனால்தான் விவரமறிந்தவர்கள், நடுவே துளையில்லாமல் ஒட்டியபடியே இருக்கும் இரண்டு தபால்தலைகளாகவும், நிபுணர் சான்றிதழோடும் கேட்கிறார்கள். நிறம் விடுபட்டவை என்று வருபவற்றிலும் வெயிலிலோ ரசாயனத்திலோ நிறம் நீக்கப்பட்டவை கலந்திருக்கும். சிறுவயது முதல் சேகரித்துவரும் உங்களுக்கு இது தெரியாமலிருக்காது. ஆனால் ஒளித்துச் செய்யும் காரியத்தில் மனிதர் அவசரப்படுவார்; “சான்றிதழ் இருக்கிறதா?” என்று பக்கத்தில் இருந்து கேட்க ஆள் இருக்காது.

இந்தப் பொருளின் மேல் உங்களுக்குள்ள ஈர்ப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1854-இல் கல்கத்தாவில் அச்சான நான்கணாத் தபால்தலையில், சிவப்புச் சட்டத்துக்கும் நீலத் தலைக்கும் தனித்தனியாகத் தாளை அச்சில் ஏற்றியபோது, சில தாள்கள் திரும்பிப்போய் விக்டோரியா ராணி தலைகீழாக விழுந்துவிட்டார். ஒரு தொழிலாளியின் கை தவறிய கணம் ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டி நிற்பதைக் கண்டு வியக்காதவர் யார்? இதை உங்கள் மனைவிக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கிறீர்களா?

இன்னொன்றையும் யோசியுங்கள். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான பத்து ரூபாய் காந்தி தபால்தலையும், அரசு அலுவலுக்கானது என்பதைக் குறிக்கும் ‘சர்வீஸ்’ என்ற சொல் மேலச்சிடப்பட்டுக் கவர்னர் ஜெனரலின் அலுவலகத்துக்காக நூறே நூறு தயாரானதும் படத்தில் ஒன்றுதான். அந்த ஒரு சொல்லில்தான் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது. அந்தச் சொல்லைப் போலியாக அச்சிட்டவர்களும் உண்டு. இப்படிப்பட்ட நுட்பங்கள் நிறைந்த ஆல்பத்தைப் பூட்டிய பீரோவில் வைத்துவிட்டு நீங்கள் கண்ணை மூடினால், அவர் என்ன செய்வார்? எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது, யாரிடம் எப்போது என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லாமல், முதலில் வரும் வியாபாரி சொல்வதுதான் விலையாகும். வாங்கிய வரலாறும் சான்றிதழும் இல்லாத அச்சுப்பிழைக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். அந்த வரலாற்றைத்தானே மருந்துக்கடையில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

வைப்புத்தொகையைத் தொடாதீர்கள். அடுத்த மாத ஏலம் உங்களை விட்டுப் போகட்டும். நண்பரின் கடையில் உள்ள ரசீதுகளையும் சான்றிதழ்களையும் இந்த வாரமே வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியை அருகில் உட்காரவைத்து, 4 லட்சம் என்று முதலில் உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு ஒரு நோட்டில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: எது, எப்போது, எவ்வளவு, எங்கே விற்கலாம். அந்த நோட்டு அவரிடம் இருக்கட்டும். ஏல நிறுவனத்தில் பதிவாகியுள்ள முகவரியையும் உங்கள் வீட்டு முகவரியாக மாற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.