தூண்டில் மீனின் ஆண் ஏன் இவ்வளவு சிறியது?

தலையில் முளைத்த சிறு தண்டின் நுனியை ஆட்டி இரையை வரவழைக்கும் மீன்தான் தூண்டில் மீன். ஆழ்கடல் வகைகளில் பெரும்பாலானவற்றில் அந்த நுனி ஒளிரும். உள்ளே வாழும் பாக்டீரியாக்கள்தான் வெளிச்சம் தருகின்றன. மட்டக்களப்பு வாவியில் இரவில் விளக்கைக் கண்டு இறால் வந்து சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தந்திரம் உடனே விளங்கும். கல்முனைக் கரைவலையில் இந்த ஆழ்கடல் வகை சிக்காது. சூரிய ஒளியே எட்டாத ஆழம் அதன் இடம்.

ஃபோட்டோகொரினஸ் ஸ்பினிசெப்ஸ் என்ற சின்ன இனத்தைப் பாருங்கள். பிடிபட்ட ஒரு பெண் மீன் சுமார் 46 மில்லிமீட்டர்தான், விரல் நீளம்கூட இல்லை. அதன் முதுகில் ஒட்டியிருந்த ஆணோ வெறும் 6.2 மில்லிமீட்டர், ஆனாலும் முழு வளர்ச்சி அடைந்தது!

காரணம் இருட்டும் தனிமையும். அந்தப் பரப்பில் துணையைக் காண்பதே அரிது. அதனால் பெண் கிடைத்ததும் ஆண் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் இரண்டின் தோலும் இரத்தக் குழாய்களும் இணைந்துவிடும். உணவு பெண்ணின் இரத்தத்திலிருந்தே வரும். இனி இரை தேட வேண்டாம், பெரிய உடலும் வேண்டாம். விந்து கொடுப்பதே அதன் வேலை. சரி, வேறோர் உடலைப் பெண்ணின் உடல் ஏன் எதிர்ப்பதில்லை? இப்படி இணையும் இனங்களில் நோய் எதிர்ப்புக்கான முக்கிய மரபணுக்கள் சில இல்லை என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

எல்லாத் தூண்டில் மீன்களும் இப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பல இனங்களில் ஆண் சிறிது நேரம் ஒட்டியிருந்துவிட்டுப் பிரிந்துவிடும்.