2020-ல் மில்லில் சிக் லீவ் ஏன் குறைந்தது?

கேள்வி: கோவை பக்கம் ஒரு நூற்பாலையில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2018 முதல் 2022 வரை தொழிலாளர்களின் நோய் விடுப்பு எப்படிப் போயிருக்கிறது என்று நிர்வாகம் அறிக்கை கேட்டிருக்கிறது. 2020-ல் பாதிக்கும் கீழே இறங்கி, அப்புறம் மெல்ல ஏறுகிறது. கொரோனா ஆண்டில் வேலையால் வரும் நோய்கள் குறைந்தன என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். உங்கள் கையில் இருப்பது எத்தனை பேர் லீவ் போட்டார்கள் என்ற கணக்கு. எத்தனை பேருக்கு உடம்பு முடியவில்லை என்பதை அது சொல்லாது. சாதாரண வருடத்தில் இரண்டும் ஓரளவு சேர்ந்தே ஏறி இறங்கும். 2020-ல் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது.

முதலில் மஸ்டர் ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, எடுங்கள். 2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு. மில் ஓடாத நாளில் சிக் லீவ் எங்கிருந்து வரும்? திறந்த பிறகும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். அதனால் மொத்த எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, வேலை நடந்த ஆயிரம் ஆள்-நாட்களுக்கு (ஒருவர் ஒரு நாள் வேலை பார்த்தால் ஒரு ஆள்-நாள்) எத்தனை லீவ் என்று போடுங்கள். உதாரணத்துக்கு, 2019-ல் ஒரு அரையாண்டில் 50,000 ஆள்-நாட்களுக்கு 200 லீவ் என்றால் ஆயிரத்துக்கு 4. அடுத்த ஆண்டு 20,000 ஆள்-நாட்களுக்கு 110 என்றால் ஆயிரத்துக்கு 5.5. எண்ணிக்கை குறைந்தது போலத் தெரியும், உண்மையில் விகிதம் கூடியிருக்கிறது.

அடுத்தது பலர் கவனிக்காத விஷயம். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.-யில் நோய்க்கால உதவித்தொகை வாங்க, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாதான் 2021 ஜனவரி முதல் ஜூன் வரைக்கான தகுதியைத் தீர்மானித்தது. ஊரடங்கை எண்ணி அந்தக் காலத்துக்கு மட்டும் வரம்பை 39 நாட்களாகத் தளர்த்தினார்கள். ஆனாலும் முதல் அலையில் ஊருக்குப் போய் செப்டம்பரில்தான் திரும்பியவருக்கு அதுவும் தேறியிருக்காது. இரண்டாம் அலை கோவையை உலுக்கியது 2021 மே மாதத்தில். அந்த மாதக் கடைசியில் தினசரித் தொற்று சென்னையையே தாண்டியது. சரியாக அப்போதுதான் அவருக்குப் பணம் கிடைக்காது. பணம் கிடைக்காதபோது சான்றிதழ் வாங்கி என்ன பயன் என்று இருந்துவிடுவார். உங்கள் பதிவேடு இ.எஸ்.ஐ. சான்றிதழை வைத்து எழுதியது என்றால், 2021 முதல் பாதியை அப்படியே நம்பாதீர்கள்.

இனி பஞ்சுத் தூசி. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும், அதைச் சீவும் கார்டிங்கிலும் வருடக்கணக்கில் நின்றவர்களுக்கு வரும் பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோய், ஆரம்பத்தில் வார விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில்தான் தலைகாட்டும். ஷிப்ட் தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், இருமல் வரும். அடுத்தடுத்த நாட்களில் தணிந்துவிடும். தூசியை விட்டு விலகினால் ஆரம்பக் கட்டத்தில் நன்றாகவே குறையும். ஊரடங்கில் வாரக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களுக்கு மூச்சு லேசானது உண்மைதான். ஆனால் அது நோய் குணமானதற்கு அடையாளம் இல்லை. திரும்பி வந்த முதல் நாளில், ஊருக்கே ஒரே நேரத்தில் திங்கட்கிழமை வந்த மாதிரி, பலருக்கும் ஒன்றாக நெஞ்சு இறுகியிருக்கும்.

அப்போது யார் வாயைத் திறப்பார்கள்? 2020-ல் ஒருவர் இருமினாலே பக்கத்து மெஷின்காரர் தள்ளி நின்றார். ஹாஸ்டலில் இருக்கும் பெண் இருமுகிறாள் என்றால் தனிமைப்படுத்தல், சம்பள வெட்டு. அதனால் மறைத்தார்கள். போதாக்குறைக்கு, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையைத் தொற்று பரவும் என்று பல இடங்களில் நிறுத்தி வைத்தார்கள். நோயாளி சொல்லவில்லை, மருத்துவரும் ஊதச் சொல்லவில்லை என்றால் பதிவேட்டில் பூஜ்யம்தான் வரும்.

கொரோனா தொற்றையும் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். அந்த ஆண்டுகளில் நடப்பில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் தொற்றுநோய் இருந்தது, ஆனால் மருத்துவமனை, ஆய்வகம் போல தொற்று அபாயம் கூடுதலாக உள்ள வேலைகளுக்குத்தான். ஹாஸ்டல் அறையில் பத்துப் பேருக்குப் பரவினாலும் அது தொழில்நோய்க் கணக்கில் ஏறாது.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்ததில்லை. பிரிட்டனில் தொழிலாளர்களிடமே நேரடியாகக் கேட்டு எடுக்கும் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 2020-21-ல் சுமார் 17 லட்சம் பேர் வேலையால் நோய் வந்தது, அல்லது வேலையால் மோசமானது என்றார்கள். அதில் 6,45,000 பேர் பெருந்தொற்றின் விளைவுகளையும் காரணமாகக் காட்டினார்கள். வேலையிடத்தில் கொரோனா தொற்றியதாக நம்பியவர்கள் மட்டும் 93,000. அதே 2020-ல் அங்கு தொழில்நோய் உதவித்தொகைக்கு மருத்துவ மதிப்பீடு பெற்றவர்களின் எண்ணிக்கை சரிந்தது, மதிப்பீடுகளே பெருமளவு நின்றுபோனதால். ஆளிடம் கேட்டால் ஒரு படம், கோப்பைப் பார்த்தால் வேறு படம்.

அதனால் நீங்களும் ஆளிடம் கேளுங்கள். ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங் என்று பிரிவுவாரியாக, அவரவர் மொழியில், சூபர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது. வார விடுமுறை முடிந்து வரும் நாளில் நெஞ்சு இறுகுகிறதா, மற்ற நாட்களில் எப்படி என்ற இரண்டு கேள்வியே நிறையச் சொல்லும். காய்ச்சலோடு வந்து, கிழமை பார்க்காமல் நீடித்த இருமலைத் தனியாகக் குறியுங்கள். ஆள் குறைவால் கூடுதல் ஃப்ரேம் (நூற்கும் மெஷின்) பார்த்தவர்களின் கால்வலி, முதுகுவலி, தூக்கக் குறைவையும் விடாதீர்கள். இறுக்கம் உண்டு என்பவர்களை விடுமுறை முடிந்த முதல் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து, அந்த எண்களைத் தொழில்சார் நோய்களில் அனுபவமுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். பைசினோசிஸ் அந்த ஆண்டுகளில் நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படியே அறிவிக்க வேண்டிய நோய்.

அறிக்கையில் 2020-ஐ நீக்க வேண்டாம். அந்தப் புள்ளியைக் கோட்டோடு சேர்க்காமல் தனியாக வைத்து, மில் ஓடிய நாட்களையும், வேலையில் இருந்த ஆள்களையும், பரிசோதனை நின்ற மாதங்களையும் அதற்குக் கீழே எழுதுங்கள். ஒப்பீட்டை 2019-க்கும் 2022-க்கும் இடையே செய்யுங்கள்.